போத்தலும் குடிமக்களும்

மதுவைப் பற்றி எழுதப் புகுந்தால் இருவகை வாசகர் எம்முடன் வழக்குக்கு வருவர் என்பதை நாம் அறிவோம். 'மக்கள் இலக்கியம் பேசும் ஏட்டில் குடியைப் பற்றி என்ன பேச்சு?' என்று ஒரு சாரார் கேட்பர். 'குடிப்பதற்கும் ஓர் இலக்கணமா? காசைக் கொடுத்தோம், குடித்தோம். அவ்வளவுதானே' என்று மறு சாரார் நகைப்பர். இவ்விரு சாராரும் ஓர் உண்மையை மறந்துவிடுகின்றனர். ஒரு நாட்டு மக்கள் எதை உண்கின்றனர், எதைக் குடிக்கின்றனர், அவற்றை விற்று யார் பொருள் சேர்க்கின்றனர் என்னும் கேள்விகளுக்கு விடை கண்டவன் அந்நாட்டு வரலாற்றிற் பாதியைக் கற்றவனாவான். போலந்து நாட்டிற் சில வாரங்கள் தங்கியிருந்த காலத்தில் அந்நாட்டு வொட்காவைத் தெரிந்தெடுக்கவும் சுவைக்கவும் நாம் பழகினோம். அப்பழக்கத்தினூடே கண்டவற்றையும் கேட்டவற்றையும் இங்கே எழுதுகின்றோம். குடியாதவரைக் குடிக்கத் தூண்டுதல் எமது நோக்கமன்று. குடிப்பவர் எதைக் குடிக்கின்றோம் என்று அறிந்து குடிக்கவேண்டும் என்பதே எமது கட்சி.

முதலிற் பெயரைப் பார்ப்போம். 'வொடா' என்றாற் சிலாவிய மொழிகளிலே தண்ணீர். அதனைச் செல்லமாகக் குறுக்கி அழைப்பதே வொட்கா. போலந்தின் பழைய குடியானவர் இதனைக் 'கொஜாவ்கா' என்றனர். எரிதல் என்னும் வினையடியாகப் பிறந்த பெயர் அது. ருஷ்யாவிலோ நெடுங்காலம் 'தானிய வைன்' என்றே வழங்கிற்று. தண்ணீர், நெருப்பு, தானியம் என்னும் இம்மூன்று பெயர்களுமே பொருளின் இயல்பை எடுத்துச் சொல்லிவிடுகின்றன. ரை என்னும் தானியத்தையோ, கோதுமையையோ, உருளைக்கிழங்கையோ மசித்து நொதிக்கவைத்து, காய்ச்சி வடித்து, நூற்றுக்கு 96 பங்கு தூய மதுசாரமாக்கி, அதனை மீண்டும் நல்ல நீர் கலந்து 40 பங்குக்கு இறக்குகின்றனர். பின்னர் பெரும்பாலும் கரியினூடே வடிகட்டுகின்றனர். விஸ்கியைப் போல மரப்பீப்பாயில் ஆண்டுக்கணக்காக உறங்கி நிறமும் மணமும் பெறும் வாய்ப்பு இதற்குப் பொதுவாக இல்லை. ஆகவே, தானியத்தின் தரமும் நீரின் தரமும் வடிப்பவரின் கைத்திறனும் ஒளிவுமறைவின்றி நாவுக்குத் தெரிந்துவிடுகின்றன.

அங்ஙனமாயின் எல்லா வொட்காவும் ஒன்றுபோலத்தானே இருக்கும் என்று கேட்கலாம். அமெரிக்க அரசின் விதி நெடுங்காலம் அவ்வாறே சொல்லி வந்தது. தனித்த மணம், சுவை, நிறம் எதுவுமற்ற பானமே வொட்கா என்ற அந்த வரைவிலக்கணத்தை அவர்கள் 2020 ஆம் ஆண்டிலேயே கைவிட்டனர். போலந்துக்காரரிடம் இதனைச் சொன்னாற் சிரிப்பார். பச்சையரிசிச் சோறும் குத்தரிசிச் சோறும் ஒன்றே என்று நம்மவரிடம் ஒருவர் சொன்னால் நாம் எப்படிச் சிரிப்போமோ அப்படி. ரை தானிய வொட்காவில் மிளகின் காரமும் கறுத்த ரொட்டியின் வாசமும் மெல்லத் தலைகாட்டும். கோதுமை வொட்கா மென்மையானது; ஈற்றில் இலேசான இனிப்பு நிற்கும். உருளைக்கிழங்கு வொட்கா கனமானது. பாலாடை நாவிற் படிவதுபோலப் படியும். விபொரோவா ரையிலிருந்து வருவது. லுக்சுசோவா உருளைக்கிழங்கிலிருந்து வருவது. ஷொப்பின் என்னும் பெயர் தாங்கிய வொட்கா ரை, கோதுமை, உருளைக்கிழங்கு என மூவகையாகவும் கிடைக்கின்றது. மூன்றையும் பக்கத்திற் பக்கமாக வைத்து ஒவ்வொரு மிடறு சுவைத்துப் பார்ப்பவருக்கு, 'சுவையற்ற பானம்' என்ற பேச்சின் பொய்மை ஒரே மாலையில் விளங்கிவிடும்.

கடையிற் போத்தலைத் தெரிவது எப்படி? சுவரெல்லாம் கண்ணாடி அடுக்குகளாக நிற்கும் கடையிற் புதியவர் திகைத்துப்போவது இயல்பே. வெள்ளிமுலாம் பூசிய போத்தல்கள், பளிங்குபோலச் செதுக்கிய போத்தல்கள், அரண்மனை வரைந்த போத்தல்கள் எனப் பலவாறாக நின்று கண்ணை மயக்கும். விலையின் பெரும்பகுதி கண்ணாடிக்கும் விளம்பரத்துக்கும் போகின்றது என்பதை முதலில் உணரவேண்டும். 'ஐந்து முறை வடித்தது', 'ஏழு முறை வடித்தது' என்று எழுதியிருப்பதிலும் மயங்கவேண்டியதில்லை. இன்றைய வடிசாலைகளில் உயர்ந்த கோபுரம் போன்ற கலங்களுள் ஆவி தட்டுத்தட்டாக ஏறி இடைவிடாது தூய்மையாகின்றது. அங்கே முறைகளை எண்ணுவதற்குப் பெரிய பொருள் இல்லை.

பார்க்கவேண்டியது சீட்டின் சிறிய எழுத்துக்களை. எதிலிருந்து வடித்தது என்ற செய்தி அங்கேதான் இருக்கும். 'போல்ஸ்கா வூட்கா', அதாவது போலந்து வொட்கா, என்ற பெயருக்கு 2013 ஆம் ஆண்டு முதல் சட்டக் காவல் உண்டு. போலந்து மண்ணில் விளைந்த ரை, கோதுமை, வாற்கோதுமை, ஓட்ஸ், கோதுமையும் ரையும் கலந்து பிறந்த திரிதிகேல் என்னும் தானியம், உருளைக்கிழங்கு ஆகியவற்றிலிருந்து மட்டுமே அதனை வடிக்கலாம். வடிக்கும் வேலை முழுவதும் அந்நாட்டிலேயே நடைபெறவேண்டும். இதற்கு முன்னர் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு பெரும் வழக்கே நடந்தது. வொட்கா என்ற பெயரைத் தானியத்துக்கும் கிழங்குக்கும் வெல்லப்பாகுக்கும் மட்டுமே உரியதாக்கவேண்டும் என்று போலந்தும் பின்லாந்தும் சுவீடனும் போல்டிக் நாடுகளும் வாதாடின. திராட்சையிலிருந்தும் வேறு பொருள்களிலிருந்தும் வடிப்போர் அதனை எதிர்த்தனர். 2008 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி நடுவழி கண்டது. வேறு விளைபொருளிலிருந்து வடித்தாலும் வொட்கா எனலாம். ஆயின் எதிலிருந்து வடித்தது என்று சீட்டில் எழுதவேண்டும் என்றது. நூற்றுக்கு 37.5 பங்கு மதுசாரம் குறைந்தபட்சம் இருக்கவேண்டும் என்பதும் விதி. வணிகச் சண்டையாக இது தோன்றினும், கிழங்கு பயிரிடும் குடியானவனின் வயலுக்கும் கடையிலுள்ள போத்தலுக்கும் இடையிலுள்ள உறவு அறுந்துபோகலாகாது என்ற நியாயமான கவலையும் அதனுள் இருந்தது.

40 என்னும் எண்ணைப் பற்றி ஒரு சொல். மூலகங்களை வரிசைப்படுத்திய பேரறிஞர் மெந்தலீவ் ஆராய்ந்து கண்ட 'உன்னத அளவு' அது என்று வழிகாட்டிகள் சொல்வர். 1865 ஆம் ஆண்டில் அவர் மதுசாரமும் நீரும் கலப்பது பற்றி ஆய்வேடு எழுதியது உண்மை. ஆனால் குடிப்பதற்கு எந்த அளவு சிறந்தது என்று அதில் அவர் ஆராயவில்லை. 40 என்பது வரி கணக்கிட எளிதாக இருந்த ஓர் எண். விஞ்ஞானியின் தாடிக்குப் பின்னால் வரி அதிகாரியின் பேனா ஒளிந்திருக்கின்றது!

இனிச் சுவைக்கும் முறை. போலந்தில் விருந்துகளில் வொட்காவை நன்றாகக் குளிர்வித்துச் சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் வார்த்து, 'நா ஸ்ட்ரோவியே' என்று நலம் வாழ்த்தி, ஒரே மூச்சில் விழுங்குகின்றனர். உடனே ஊறவைத்த ஹெரிங் மீனையோ, உப்பிலிட்ட வெள்ளரிக்காயையோ, பன்றிக்கொழுப்புத் தடவிய ரொட்டியையோ உண்கின்றனர். வெறுவயிற்றிற் குடிப்பதை அறிவுடையோர் அங்கும் விரும்புவதில்லை. இது விருந்தின் முறை. ஒன்றின் தரத்தை அறிய விரும்புபவர் வேறு முறையைக் கைக்கொள்ளவேண்டும். பனிக்கட்டிப் பெட்டியில் உறைநிலைக்குக் கீழே கிடந்த வொட்கா எண்ணெய்போலத் தடித்து வரும், பார்வைக்கு அழகுதான். ஆயின் அக்குளிர் நாவை மரக்கச் செய்து குற்றங்களை மறைத்துவிடும். ஆகவே முதலில் அறையின் வெப்பநிலையிற் சிறிதளவை வார்த்துக் கொள்க. வாயை இலேசாகத் திறந்தபடி மணத்தை முகர்க. தானியத்தின் மணமோ, மணமின்மையோ இருக்கலாம். பூச்சுமை கரைக்கும் திரவத்தின் நெடி இருக்கலாகாது. ஒரு சிறு மிடற்றை நாவெங்கும் பரவவிட்டு விழுங்கியபின் மூச்சை மெல்ல வெளியே விடுக. நல்ல வொட்கா நெஞ்சை வெதுவெதுப்பாக்கும். தரங்குறைந்தது தொண்டையைப் பிறாண்டும். சில துளி நீர் விட்டால் மறைந்திருந்த மணமும் மேலே வரும். மூன்று வகைக்கு மேல் ஒருநாளிற் சோதிப்பது வீண். நான்காவதைச் சோதிப்பது நாவல்ல, மயக்கம்.

வெறும் வொட்காவுக்கு அப்பால், ஜுப்ரூவ்கா என்ற ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. போலந்தின் கிழக்கெல்லையிலுள்ள பியாலொவியெசாக் காட்டில் ஐரோப்பியக் காட்டெருதுகள் மேயும் வெளிகளில் வளரும் மணப்புல்லின் சாறு சேர்த்து அதனைச் செய்கின்றனர். ஒவ்வொரு போத்தலினுள்ளும் ஒரு புல்லிதழ் நெட்டையாக நிற்கும். புதிதாய் அறுத்த வைக்கோலின் மணமும் வனிலாவின் மணமும் கலந்தாற்போல் இருக்கும். அம்மணத்துக்குக் காரணமான கூமரின் என்னும் பொருளை அமெரிக்கா 1954 இல் உணவுப் பொருள்களில் தடைசெய்தமையால், அந்நாட்டுக்குச் செல்லும் போத்தல்களில் அது நீக்கப்படுகின்றது. அக்காட்டின் எருதுகள் முதலாம் உலகப்போரின் பசியிலும் குழப்பத்திலும் வேட்டையாடப்பட்டு 1919 ஆம் ஆண்டளவில் அங்கே அற்றுப்போயின. விலங்கினச்சாலைகளில் எஞ்சியவற்றிலிருந்து பெருக்கி, 1952 இல் மீண்டும் காட்டில் விடப்பட்டன. போரின் பின் இடிபாடுகளிலிருந்து தன் தலைநகரையே மீளக் கட்டிய ஒரு மக்கட்கூட்டம், தன் காட்டின் விலங்கையும் மீளக் கொணர்ந்தது என்பதை அந்தப் புல்லிதழ் எமக்கு நினைவூட்டிற்று.

இவ்வளவும் சுவையைப் பற்றியவை. உயிரைப் பற்றியது ஒன்று உண்டு. மெதனோல் என்னும் நச்சு மதுசாரம் கலந்த பானத்தை நாவாலோ மூக்காலோ கண்டுபிடிக்க முடியாது. கொளுத்திப் பார்த்தால் தெரியும் என்பதும் நம்பத்தக்கதன்று. குடித்துப் பல மணித்தியாலங்கள், சிலவேளை ஒரு நாள்கூடக் கழிந்த பின்னரே தலைவலியும் வாந்தியும் தோன்றும். பனிமூட்டத்துள் நிற்பதுபோலக் கண் மங்கும். அப்போது ஒரு நிமிடமும் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்லவேண்டும், மாற்றுமருந்து உண்டு. 2012 ஆம் ஆண்டு செக் குடியரசில் இத்தகைய நஞ்சினால் நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் மதுசாரமுள்ள பானங்கள் அனைத்தின் விற்பனையையும் அந்நாட்டு அரசு சில நாட்கள் நிறுத்திவைத்தது. 2024 நவம்பரில் லாவோஸ் நாட்டின் வாங் வியெங் நகருக்கு உல்லாசப் பயணம் போன ஆறு வெளிநாட்டவர் மெதனோல் கலந்த பானத்தால் உயிரிழந்தனர். ஆதலால், வரி முத்திரைச் சீட்டு ஒட்டிய, மூடி உடையாத போத்தலை உரிமம் பெற்ற கடையில் வாங்குக. சந்தை விலையிற் பாதிக்குக் கிடைப்பதை வாங்காதீர். எந்தப் போத்தலிலிருந்து வந்தது என்று தெரியாத பானத்தை இலவசமாகத் தந்தாலும் மறுத்துவிடுக. போலந்தில் வீதியிற் போத்தலைத் திறப்பது தண்டத்துக்குரிய குற்றம் என்பதையும், இரத்தத்தில் ஆயிரத்துக்கு 0.2 பங்கு மதுசாரம் இருந்தாலே வாகனம் ஓட்டுவது குற்றம் என்பதையும் உடன் அறிந்துகொள்க.

ஆயினும் இவ்வெச்சரிக்கைகள் பணமுள்ள பயணிக்கே பயன்படும். 2016 டிசம்பரில் சைபீரியாவின் இர்கூட்ஸ்க் நகரில் எழுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் குடித்தது வொட்காவன்று. குளியலுக்கென விற்கப்பட்ட ஒரு திரவம். மதுசாரம் இருக்கும் என்று நம்பி, வொட்கா வாங்கக் காசில்லாத ஏழைகள் அதனைக் குடித்தனர். உள்ளே இருந்ததோ மெதனோல். அவர்களுக்கு 'நல்ல வொட்காவைத் தெரிவது எப்படி' என்று யார் பாடம் சொல்வது?

இக்கேள்வி எம்மை வார்சோ நகரின் பிராகாப் பகுதிக்கு இட்டுச் சென்றது. விஸ்துலா நதியின் கீழ்க்கரையிலுள்ள தொழிலாளர் பகுதி அது. அங்கே சிவப்புச் செங்கல்லாற் கட்டிய பழைய வொட்காத் தொழிற்சாலை ஒன்று நிற்கின்றது. கொனேசர் என்பது அதன் பெயர். ஜாரின் ஆட்சியின்கீழ் 1890களிற் கட்டப்பட்டது. இன்று அங்கே வொட்கா வடிப்பதில்லை. உணவுச்சாலைகளும் அலுவலகங்களும் வந்துவிட்டன. 2018 இல் போலந்து வொட்கா நூதனசாலை ஒன்றும் திறக்கப்பட்டது. அதைப் பார்த்த பின்னர் பக்கத்திலிருந்த 'பால் உணவகம்' ஒன்றில் நண்பகல் உணவுக்கு அமர்ந்தோம். மலிவு விலையிற் சூப்பும் உருண்டைகளும் தரும், மது விற்காத, சோஷலிச ஆட்சிக்காலத்திலிருந்து எஞ்சிய உணவகங்கள் அவை. அங்கே எம்முடன் ஒரே மேசையிலிருந்த முதியவர் அத்தொழிற்சாலையிற் போத்தல் நிரப்பும் பகுதியில் முன்னர் வேலைசெய்தவர். மொழிபெயர்த்துதவிய மாணவர் மூலம் கேட்டோம்: "ஐயா, நல்ல வொட்கா எது?"

"நாங்கள் நிரப்பியது" என்று அவர் உடனே சொன்னார். பின்னர் சற்று நேரம் சூப்பைக் கலக்கிக்கொண்டிருந்துவிட்டு, "என் தகப்பனாருக்கு நல்ல வொட்காவும் கெட்ட வொட்காவும் இருக்கவில்லை. சம்பள நாள் வொட்கா, மற்ற நாள் வொட்கா என்று இரண்டுதான் இருந்தன. அம்மா வாசலில் நின்று சம்பளத்தை வாங்கிக்கொண்டால் அந்த மாதம் எங்களுக்குச் சப்பாத்து கிடைக்கும். நான் குடிப்பதில்லை, ஐயா, நிரப்பியதோடு சரி" என்றார்.

அந்த வாசலுக்குப் பின்னால் ஒரு நெடிய வரலாறு உண்டு. பழைய போலந்தில் மது வடிக்கவும் விற்கவும் உள்ள உரிமை நிலப்பிரபுவுக்கே உரியது. பண்ணையடிமையான குடியானவன் தன் பிரபுவின் தவறணையிலேயே குடிக்கவேண்டும். பல பண்ணைகளில் இவ்வளவு வாங்கியே தீரவேண்டும் என்ற கட்டாயமும் இருந்தது. குடியாவிட்டாலும் காசு கொடுக்கவேண்டும். நாளெல்லாம் பிரபுவின் வயலில் உழைத்தவனின் கையிலிருந்த சில்லறையும் மாலையில் அதே பிரபுவின் பெட்டிக்குத் திரும்பிற்று. போலந்தின் தெற்கே, ஒஸ்திரியரின் ஆட்சியிலிருந்த கலீசியாவில் 1848 இற் பண்ணையடிமை முறை ஒழிந்தது. பிரபுக்களின் மது உரிமையோ அதன் பின்னரும் பல தசாப்தங்கள் நின்று நிலைத்தது. விலங்கு கழன்றது, கிண்ணம் கழலவில்லை.

ருஷ்யப் பேரரசில் அரசே பெருந் தவறணைக்காரனாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரச வருமானத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மதுவிலிருந்து வந்தது. 1859 இற் பல மாகாணங்களிற் குடியானவர் ஊர்கூடி, இனிக் குடிப்பதில்லை என்று உறுதிபூண்டனர், தவறணைகளை உடைத்தனர். அரசு அவர்களைப் பாராட்டவில்லை, படையை அனுப்பிற்று! நிதியமைச்சர் விட்டே 1890களின் நடுப்பகுதியில் வொட்கா விற்பனையை அரசின் தனியுரிமையாக்கினார். 'குடிகார வரவுசெலவுத் திட்டம்' என்று மக்கள் ஏளனம் செய்தனர். 1914 இல் ஜார் தடைசெய்த வொட்கா, 1925 இல் சோவியத் ஆட்சியில் 40 பங்கு வலுவோடு கடைக்குத் திரும்பிற்று. புதிய சமுதாயம் கட்டப் புறப்பட்ட அரசுக்கும் பழைய வருமானம் வேண்டியிருந்தது. இதனை மறைப்பது முற்போக்காகாது. 1985 இல் கொர்பச்சேவ் மதுவுக்கெதிராக இயக்கம் நடத்தியபோது சாவுகள் குறைந்தன, ஆனால் வீட்டிற் களவாகக் காய்ச்சுவதற்காகக் கடைகளிற் சீனி மறைந்தது, திறைசேரி வறண்டது, இயக்கமும் தளர்ந்தது.

இந்த வரலாற்றில் எமது நெஞ்சைத் தொட்ட ஓர் அத்தியாயம் உண்டு. 1980 ஓகஸ்ட் மாதத்திற் கடான்ஸ்க் கப்பற்கட்டுந் தளத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, தளத்துக்குள் மது நுழையலாகாது என்று தாமே விதித்துக்கொண்டனர். குடிபோதையிற் கலகம் செய்யும் கூட்டம் என்று அரசு பழி சுமத்த ஒரு சொட்டு வாய்ப்பும் தரலாகாது என்ற உறுதி அது. தலைமுறை தலைமுறையாக வொட்காவைக் கொடுத்து அடக்கப்பட்ட ஒரு வர்க்கம், தன் உரிமையைக் கேட்க எழுந்த நாளில் முதலிற் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தது. இதனைவிடச் சிறந்த வொட்காக் கதையை நாம் கேட்டதில்லை.

நம் நாட்டு வாசகருக்கு இது அந்நியமான கதையுமன்று. ஆங்கில ஆட்சியாளர் இலங்கையிற் சாராயக் குத்தகையால் வருமானம் பெருக்கியதும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மதுவிலக்கு இயக்கம் அரசியல் விழிப்பின் பள்ளிக்கூடமாக அமைந்ததும் நாம் அறிந்தவையே. பனியிலும் வெயிலிலும் தவறணையின் கணக்குப் புத்தகம் ஒரே முறையிலேதான் எழுதப்பட்டிருக்கின்றது.

இன்று போலந்தில் அந்தப் புத்தகத்தை எழுதுவோர் பிரபுக்களல்லர். எல்லை கடந்த பெருங் கம்பனிகள். காலையில் வேலைக்குச் செல்வோர் வரிசையாக நிற்கும் சிறு கடைகளில், கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உள்ளங்கைக்குள் அடங்கும் வொட்காப் போத்தல்களைக் கண்டோம். 'குட்டிக்குரங்கு' என்று அவற்றுக்குச் செல்லப்பெயர். கட்டிடவேலையாளர் உடையணிந்த ஒருவர் ரொட்டியோடு அதில் ஒன்றையும் வாங்கிச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு சென்றார். மணி ஏழும் ஆகவில்லை. 300 மில்லிலீற்றருக்கு உட்பட்ட அத்தகைய போத்தல்களுக்கு 2021 முதல் தனிக் கட்டணம் விதித்திருக்கின்றனர். கட்டணம் விதிப்பது எளிது. விடியற்காலையில் ஒரு மனிதனுக்கு அது ஏன் தேவைப்படுகின்றது என்று கேட்பதே கடினம். அதே கடையின் மேல்தட்டில், பயணிகளுக்கான பளிங்குப் போத்தல்கள் ஒளிவீசிக்கொண்டிருந்தன.

வெளிநாடு செல்லும் அன்பர்கள் நல்ல வொட்காவைச் சுவைப்பதை நாம் குறைகூறவில்லை. தானியத்தை மணமாக மாற்றும் கைத்திறன் மனித உழைப்பின் ஒரு சாதனையே. அதனை அறிந்து மதிப்பதும் பண்பாடே. சீட்டைப் படியுங்கள், முத்திரையைப் பாருங்கள், உணவோடு அளவாகச் சுவையுங்கள், போதுமென்று தோன்றுமுன்னரே நிறுத்துங்கள். அதனோடு, மேல்தட்டுப் போத்தலை எடுக்கும்போது கீழ்த்தட்டையும் ஒருமுறை குனிந்து பாருங்கள். அங்கே யார் எதை வாங்குகின்றார், எத்தனை மணிக்கு வாங்குகின்றார் என்று பாருங்கள். அந்த நாட்டைப் பற்றி எந்த வழிகாட்டி நூலும் சொல்லாததை அந்தக் கீழ்த்தட்டு உங்களுக்குச் சொல்லும்.